இமை அறுவை சிகிச்சைக்குப் பின் அவசரப்பட்டுக் கலங்காதீர்கள்
அம்மாவின் தொங்கிய மேலிமைகளைச் சரிசெய்த பிறகு, ஒரு கண் பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் தெரிகிறதே என்று வீடே கலங்கியது. வீக்கம் இரு பக்கமும் ஒரே வேகத்தில் வடிவதில்லை. முதல் 2 நாட்களில் வீங்கிக் கன்றிப்போவதும், 2 வாரங்களில் பெருமளவு தணிவதும் இயல்பு. இறுதி வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும்.

இமை முழுதாக மூடாத நாட்களில், மருத்துவர் தந்த களிம்பை இரவில் தவறாமல் போடுங்கள். இல்லாவிட்டால் கருவிழி உலர்ந்து புண்ணாகலாம். என்னைக் கேட்டால், தழும்பைப் பற்றிய கவலையைவிட இது முக்கியம்.

ஆனால் திடீரென்று கடும் வலி, கண் பிதுங்குதல், பார்வை குறைதல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண்குழிக்குள் இரத்தம் கசிந்து பார்வை நரம்பைப் பாதிக்கலாம். அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.