சிலோன் நீலமும் செரண்டிபைட்டும்

“சிலோன் நீலம்ணே, ஒரு செட்டியார் வீட்டுல இருந்து வந்தது” என்று காரைக்குடி பழைய சாமான் கடைத் தம்பி மோதிரத்தை வெயிலில் காட்டினார்.

கல்லின் விளிம்பெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது.

பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் நீலக்கல் 9, அப்படிச் சுலபத்தில் தேயாது. இது கண்ணாடியாகக்கூட இருக்கலாம், சோதிக்காமல் சொல்ல முடியாது. ஆனால் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது செரண்டிபைட் என்ற அபூர்வக் கனிமம்.

அதுவும் சிலோன் கல்தான். நீலப்பச்சையிலிருந்து கருப்பு வரை போகும், திருப்பித் திருப்பிப் பார்த்தால் நிறம் மாறும், கடினம் 6.5 முதல் 7 வரைதான். நகைக்கு ஆகிற அளவு தெளிவாகக் கிடைப்பது அபூர்வம். இலங்கையை விட்டால் பர்மாவின் மோகோக், இரண்டுமே நம் ஊர்க்காரர்கள் கொண்டுவிற்கப் போன நாடுகள்.

நீலக்கல் வெறும் அலுமினிய ஆக்சைடு. இதுவோ கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கன் எல்லாம் சேர்ந்த சங்கிலி சிலிக்கேட், அதாவது சிலிக்கனும் ஆக்சிஜனும் சங்கிலியாகக் கோத்த கனிமம், கூடவே போரான். சிலிக்கன் உட்காரும் இடங்கள் சிலவற்றில் போரானும் அலுமினியமும் ஏறி உட்கார்ந்திருக்கும், என்னை மயக்குவது இதுதான். அந்தச் சங்கிலி அமைப்பை வைத்துத்தான் இதை, சஃபிரின் என்ற இன்னொரு கனிமத்தின் பேரில் அமைந்த சஃபிரின் பெருங்குழுவில் சேர்க்கிறார்கள், நிறத்தை வைத்து அல்ல.

1903-ல் செரண்டிபைட்டை முதலில் விவரித்தவர்கள் ஆங்கிலேயக் கனிமவியலாளர் பிரையரும் ஆனந்த குமாரசாமியும்.

ஆமாம், அதே குமாரசாமிதான். நடராஜரைப் பற்றி உலகத்துக்கு எழுதிய கலை அறிஞராகவே நாம் அவரைக் கொண்டாடுகிறோம், அதற்கு முன்னால் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பாறை பாறையாக அலைந்த குமாரசாமியையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.