வார்டில் வாசித்தவை

பிப்ரவரி 9

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவல் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு நைட் சிஸ்டர் முகம் சுளித்தார். "அதையா இங்க வந்து படிக்கறீங்க?" அவரும் படித்திருக்கிறார் போல.

இன்ஜினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைத்தான் கட்டுவேன் என்று கட்டிக்கொண்டவள். இப்போது புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் கிடக்கிறாள். அவள் அப்பா நடேசனிடம் பணம் இருக்கிறது, அது எதற்கும் ஆகவில்லை. நாவல் பூராவும் பேச்சுதான். வருகிறவர், போகிறவர், எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள். அந்தப் பேச்சுக்கே கொடுத்திருக்கலாம். இங்கே, இன்று என் சித்தப்பா வந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "முன்னாடியே காட்டியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது.

பிப்ரவரி 10

அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

பிப்ரவரி 11

பக்கத்து பெட் அக்காவுக்குச் சத்தியமங்கலம் பக்கம். வீட்டுக்காரருக்கு ட்யூப் வழியாகத்தான் கஞ்சி. அதை ஊற்றி முடித்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நேற்று ரேவதி கதையைப் பாதிவரை சொல்லியிருந்தேன்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ள பொழைச்சுதா?"

"இன்னும் அந்த இடம் வரலைக்கா." பொய். காலையிலேயே முடித்துவிட்டேன்.

"பொழைக்காது கண்ணு. பொழைக்கறதா இருந்தா இத்தாச்சோடு பொஸ்தகம் எதுக்கு?"

எந்த விமர்சகரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பிப்ரவரி 13

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' மறுபடியும். 2010இல் வந்தது. அப்புறம் அதை எதிர்த்து நடந்த ரகளையில் புத்தகத்தைவிட ரகளைதான் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்ன பிறகுதான் எழுதத் திரும்பி வந்தார். ரகளையைத் தள்ளிவிட்டுப் படித்தால் இருப்பது காளியும் பொன்னாவும்தான். குழந்தை இல்லை என்பதைத் தவிர அவர்களுக்குள் ஒரு குறையும் இல்லை. ஊர்தான் விடமாட்டேன் என்கிறது. விசேஷ வீட்டில் பொன்னாவை ஒதுக்கி நிறுத்துகிற இடங்களில் எனக்குக் கை நடுங்கும், இப்போதும் நடுங்கியது.

கடைசியில் காளி, சாவானா இருப்பானா என்று தெரியாதபடி, பூவரச மரத்தை அண்ணாந்து பார்க்கிறான். அவ்வளவுதான், முடிந்தது. அதற்கப்புறம் பெருமாள்முருகன் செய்ததுதான் இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. அந்த ஒரே முடிவிலிருந்து இரண்டு நாவல் எழுதினார். 'ஆலவாயன்' நாவலில் காளி செத்துவிட்டான். 'அர்த்தநாரி'யில் பிழைத்துக்கொண்டான். இரண்டும் ஒரே ஆண்டில், 2014இல் வந்தன. எழுதுகிறவருக்கு இரண்டையும் எழுதிவிட முடிகிறது. லேபில் எங்கேயோ ஒரு கண்ணாடித் துண்டில் அப்பாவின் சதை இருக்கிறது, அதற்கு ஒரு ரிப்போர்ட்தான். பையில் இரண்டு புத்தகமும் இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல், சார்ஜரை எடுத்து மறுபடி உள்ளே வைத்தேன். சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான். ஆனாலும் ஆலவாயனை அடியில் தள்ளி, மேலே துண்டைப் போட்டு மூடிவைத்தேன்.

அண்ணன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 14

அப்பா இட்லி கேட்டார்! ஒன்றரை சாப்பிட்டார்.

பிப்ரவரி 15

ஞாயிறு. லேப் லீவாம்.

அர்த்தநாரி படிக்கிறேன். பிழைத்தவன் கதை, நிம்மதியாக இருக்கும் என்று எடுத்தால் அதுவும் இல்லை. காளி உயிரோடு இருக்கிறான், பொன்னாவிடம் முகம் கொடுத்துப் பேசத்தான் மாட்டேன் என்கிறான். அவன் வாயைத் திறப்பானா என்று பக்கம் பக்கமாக எதிர்பார்க்கிறோம். இப்படி இருப்பதற்குச் செத்திருக்கலாமே என்று ஒரு நொடி தோன்றியது. காளியைச் சொன்னேன்.

"அவன் வரலையா?" என்று அப்பா கேட்டார். யார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 16

ரிப்போர்ட் மூன்று மணிக்கு மேல் என்றார்கள். டாக்டர் ரவுண்ட்ஸில் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அடுத்த கதை கேட்டார். ஆடு மாடு வர்ற மாதிரி எதாவது சொல்லு கண்ணு, மனுசங்க வேண்டாம் என்றார்.

பின்குறிப்பு, 2.20: அண்ணன் கீழே நிற்கிறானாம். செக்யூரிட்டி விடவில்லை. பெட்டுக்கு ஒரு பாஸ்தான், அதைக் கொடுத்தால் நான் வெளியே இருக்க வேண்டும். சரி, ஆலவாயனை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன்.