மரத்திலிருந்து இறங்கும்வரை

நெதர்லாந்தில் எல்லாப் பிள்ளைகளும் ஜூன் மாதம் ஒன்றாகப் பள்ளிக்கூடம் சேரும் வழக்கம் இல்லை. நாலு வயது நிறைந்தால் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரலாம். சட்டப்படி கட்டாயம் என்பது ஐந்து வயதில்தான். ஆனாலும் பெரும்பாலும் எல்லோரும் நாலிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அதனால் பிப்ரவரியில் பிறந்த பிள்ளை பிப்ரவரியில் போகும், ஏற்கனவே பாதி வருடம் ஓடிவிட்ட, யாரோடு யார் விளையாடுவது என்று முடிவாகிவிட்ட வகுப்புக்குள். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது இன்னும் கனமான விஷயம்.

எங்கள் மகள் அப்படித்தான் சேர்ந்தாள். நாங்கள் இருப்பது ஐந்தோவன் பக்கத்தில் ஃபெல்ட்ஹோவன். சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனம் இங்கே இருப்பதால் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. வேலைக்காக வருகிறவர்களுக்கு டச்சு கட்டாயம் இல்லை. 2022 ஜனவரியில் வந்த புதிய குடியேற்றச் சட்டம் பலரிடம் பி1 அளவு (அன்றாட விஷயங்களைச் சமாளிக்கும் நடுத்தர நிலை) மொழித்திறன் கேட்கிறது. ஆனால் திறன்மிகு பணியாளர் விசாவில் இருப்பவர்களுக்கு அது பொருந்தாது. அலுவலகத்தில் ஆங்கிலம் போதும், கடையிலும் போதும். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த பிறகுதான் அந்தப் ‘போதும்’ போதாமல் போகிறது.

இங்குள்ள பள்ளிகளில் பெற்றோர் சந்திப்புக்கு ‘பத்து நிமிடப் பேச்சு’ என்றே பெயர். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்தான், அடுத்த பெற்றோர் வெளியே காத்திருப்பார்கள். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் எங்களை உட்கார வைத்து, யுஃப் (ஆசிரியையை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) முதலில் சொன்ன வாக்கியம் இது: “ஸெ கெய்க்ட் நொக் ஏவன் டெ கட் அய்ட் டெ போம்.” இது ஒரு டச்சு மரபுத்தொடர். சொல்லுக்குச் சொல் பார்த்தால், மரத்திலிருந்து பூனை இறங்கும்படி அவள் இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பிறகு அவர் ஒரு காலைப் பொழுதை விவரித்தார். வகுப்பில் இடுப்புயரத்துக்கு ஒரு மணல்மேசை இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் அதில் புனல் வைத்து பாட்டிலுக்குள் மணல் நிரப்பிக்கொண்டிருந்தார்களாம். மகள் மேசையின் மூலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். கூப்பிட்டும் சேரவில்லை, விலகியும் போகவில்லை. அவர்கள் இருவரும் வேறு விளையாட்டுக்குப் போனதும் மெதுவாக வந்து புனலை எடுத்து, அவர்கள் செய்ததை அதே வரிசையில் செய்திருக்கிறாள். முதலில் பாட்டிலை ஒரு தட்டு, பிறகு மணல், நடுவில் ஒரு குலுக்கல். “எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள்” என்றார் யுஃப். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு நடுவில் இவ்வளவு நுணுக்கமாக ஒருவர் அவளைக் கவனித்திருக்கிறார் என்பதே எனக்கு நெஞ்சு நிறைந்த செய்தி.

இந்த மரபுத்தொடருக்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம், நாய் துரத்தி மரமேறிய பூனையைப் பற்றியது. நாய் கீழேயே நின்று, பூனை இறங்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். இன்று பேசுகிறவர்கள் மனதில் நாயும் இல்லை, துரத்தலும் இல்லை. புது இடத்துக்கு வந்தவர் உடனே கலந்துகொள்ளாமல், ஓரமாக நின்று நிலவரம் பார்த்துவிட்டு அப்புறம் இறங்குவார் என்பது மட்டும்தான் பொருள்.

நம் மதில்மேல் பூனை இதற்கு உறவே இல்லை. அது எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாத பூனை. ஆழம் பார்த்துக் காலை விடுவது கொஞ்சம் கிட்டே வருகிறது, ஆனால் அதில் ஆபத்து இருக்கிறது, எச்சரிக்கை இருக்கிறது. இங்கே இருப்பது அவகாசம். நம் வீடுகளில் அமைதியான பிள்ளையைப் பற்றி என்னவெல்லாம் சொல்கிறோம்! கூச்ச சுபாவம், யாரோடும் ஒட்டமாட்டேன் என்கிறது, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ. எல்லாமே பிள்ளையின் காதில் விழும்படிதான் சொல்கிறோம், எல்லாமே குறைதான். அதே நிலையைக் குறையாகச் சொல்லாமல், ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்’ என்று ஒரு வேலையாகச் சொல்கிற தொடர் இது. அதனாலேயே இதைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது.

நூலகங்களில் மொழிக்கஃபே என்று நடத்துகிறார்கள். தன்னார்வலர்கள் காபி ஊற்றிக் கொடுத்துப் பேசவைப்பார்கள். எங்கள் மேசைக்கு வரும் ஓய்வுபெற்ற பெண்மணியிடம் இந்தத் தொடரை எடுத்துக்கொண்டு போனேன். எப்போதும் ஒரே பூனை, ஒரே மரம், பன்மை கிடையாது என்றார். பேசும்போது ‘கெய்கன்’ (பார்ப்பது) என்ற வினை முன்னால் வந்துவிடும், பூனையும் மரமும் பின்னால் சேர்ந்தே வரும்: “இக் கெய்க் எர்ஸ்ட் ஏவன் டெ கட் அய்ட் டெ போம்”, நான் முதலில் கொஞ்சம் நிலவரம் பார்க்கிறேன். அந்த ‘ஏவன்’ சின்னச் சொல்தான், ஆனால் அது இருந்தால்தான் பேச்சு இதமாகிறது. ‘கொஞ்ச நேரம்தான்’ என்ற உறுதி அதற்குள் இருக்கிறது.

எங்கே சொல்லக்கூடாது என்பதுதான் இன்னும் முக்கியம். பரிசோதனை முடிவுக்கோ விசாவுக்கோ காத்திருப்பதற்கு இது ஆகாது, அதற்கு ‘அஃப்வாக்டன்’ என்ற சாதாரணச் சொல் போதும். இதைச் சொல்ல, இறங்குவதா வேண்டாமா என்ற முடிவு நம் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் வட்டி ஏறும்போது வீடு வாங்க நினைப்பவர்களைப் பற்றிச் செய்தித்தாள்கள் இதே தொடரை எழுதுகின்றன. கால்பந்து ஆட்டத்தின் தொடக்கத்தில் இரண்டு அணியும் பந்தைத் தட்டிக்கொண்டு ஒன்றையொன்று நோட்டம் விட்டாலும் வர்ணனையாளர் இதைத்தான் சொல்வார்.

அலுவலகத்தில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. டச்சுக்காரர்கள் கூட்டத்தில் புதிதாக வந்தவரிடமும் நேராகக் கருத்துக் கேட்பார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் மரியாதைக்காகச் சும்மா இருந்தால், கருத்தே இல்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. என் கணவர் குழு மாறியபோது இந்த வாக்கியத்தைச் சொன்னார். தலைவர் “ப்ரீமா” (நல்லது) என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். சில வாரம் கழித்து மறுபடி கேட்டார், இவரும் தயாராக இருந்தார். மாதக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ‘ப்ளெய்ஃப்ட்’ (தொடர்ந்து செய்துகொண்டே இருப்பது) என்ற சொல் சேர்ந்து, ‘அவர் இன்னும் பூனையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்’ என்று மற்றவர்கள் சொல்ல ஆரம்பித்தால் அது புகார்.

நாலு வயதை நெருங்கும் பிள்ளையோடு இங்கே வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பள்ளி தொடங்கும் முன் பிள்ளை பழகிக்கொள்ள சில காலைப் பொழுதுகளுக்குக் கூப்பிடுவார்கள். உங்கள் பிள்ளை நின்று பார்க்கும் ரகம் என்றால் அன்றைக்கே யுஃபிடம் இந்தத் தொடரால் சொல்லிவிடுங்கள், நாலு வரி விளக்கம் மிச்சம். வீட்டில் பேசுமா என்று அநேகமாகக் கேட்பார்கள். தமிழில் என்றால் வாய் ஓயாது என்று சொல்லுங்கள். அதுவும் அவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம், உங்களுக்கு நன்றாக வரும் மொழியிலேயே பேசுங்கள் என்று எங்கள் யுஃப் அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே சொல்லி அனுப்பினார்.