அன்னாசி, தேங்காய்ப்பால், கொஞ்சம் ஜவ்வரிசி

ஓட்டல் மெனுவில் 'பினா கொலாடா' என்று பார்த்திருப்பீர்கள். கரீபியன் கடலில் இருக்கும் போர்ட்டோ ரிக்கோ தீவின் சரக்கு அது. 1978-ல் தங்கள் அதிகாரபூர்வ பானமாகவே அதை அறிவித்துக்கொண்டார்கள். ரம்மை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அன்னாசி, தேங்காய், சர்க்கரை, ஐஸ். நான்கும் சேலத்தில் எந்த உழவர் சந்தைக்கும் பக்கத்திலேயே கிடைத்துவிடும். இருந்தும் வீட்டில் செய்தவர்கள் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவருக்குக் கசக்கிறது, ஒருவருக்குத் திரிந்துபோகிறது, இன்னொருவருக்கு உதட்டில் கொழுப்பு ஒட்டுகிறது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு என்பதால் மருந்தும் வேறு வேறு.

முதலில் கசப்பு. வேகவைக்காத பச்சை அன்னாசியில் புரோமலைன் என்கிற நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவதுதான் அதன் வேலை. பால், ஐஸ்கிரீம், தயிர் எது சேர்ந்தாலும் அதிலுள்ள புரதத்தைத் துண்டு துண்டாக்கும். அந்தத் துண்டுகள்தான் கசக்கின்றன. போட்ட உடனே தெரியாது, கால் மணி நேரத்தில் தெரியும். ஜூஸ் கடையில் அன்னாசி மில்க் ஷேக் வாங்கி பார்சலாக வீட்டுக்கு எடுத்துப்போனால் கசப்பது இதனால்தான். கடைக்காரர் மேல் குற்றம் இல்லை. பப்பாளிக்கும் இதே குணம் உண்டு. தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு, அதனால் கசப்பும் குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

நொதியைச் சூட்டில் அடக்கிவிடலாம். நறுக்கிய பழத்தை 4, 5 நிமிடம் கொதியில் வைத்தால் போதும். பிரச்சினை என்னவென்றால் கொதிக்க வைத்தால் வாசனையும் போகும், ஜாம் மாதிரி ஒரு ருசி வந்துவிடும். அதனால் மூன்றில் இரண்டு பங்கை வேகவைத்து, ஒரு பங்கைப் பச்சையாகவே சேர்ப்பது என் கட்சி. உடனே குடிப்பதாக இருந்தால் மட்டும். பசும்பாலோ ஐஸ்கிரீமோ சேர்க்கப் போகிறீர்கள் என்றால் முழுவதையும் வேகவைத்துவிடுங்கள்.

அடுத்தது திரிவது. தேங்காய்ப்பாலில் எண்ணெயைத் தண்ணீரோடு பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள கொஞ்சம் புரதம்தான். அன்னாசியின் புளிப்பு பட்டதும் அந்தப் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிகிறது. டப்பாவில் வரும் தேங்காய்ப்பாலில் இதைத் தடுக்கப் பெரும்பாலும் ஏதாவது பசைப்பொருள் கலந்திருப்பார்கள். நமக்கு அது தேவையில்லை. ஜவ்வரிசி ஊரான சேலத்தில் இருந்துகொண்டு பசைக்கு வெளியே போவானேன்? ஒரு தேக்கரண்டி ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, 150 மில்லி தண்ணீரில் கண்ணாடி போல ஆகும் வரை காய்ச்சி ஆறவைத்தால் சுமார் 100 மில்லி கஞ்சி கிடைக்கும். ஜவ்வரிசியில் இருக்கும் மரவள்ளி மாவுச்சத்து எண்ணெய்த் துளிகள் ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்ளும். நைலான் ஜவ்வரிசியைவிட மாவு ஜவ்வரிசி இதற்கு நல்லது, சீக்கிரம் கரையும். சோள மாவு வேண்டாம். ஆறினால் கட்டிப்படும், நாக்கில் மாவு வாடை நிற்கும்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மே மாதச் சேலத்தில் பாட்டில் எண்ணெய் தண்ணீராகத்தான் இருக்கும். அதே எண்ணெய் டிசம்பரில் ஏற்காட்டில் சமையலறை அலமாரியிலேயே வெள்ளையாக உறைந்து நிற்கும். தேங்காய்ப்பாலுக்குள் இருக்கும் கொழுப்பும் அதே கொழுப்புதான். ஐஸ் பட்ட நிமிடம் பெரிய துளிகளாக இருந்தால் குருணையாக உறைந்து உதட்டில் ஒட்டும், பொடித் துளிகளாக இருந்தால் உறைந்தாலும் நாக்குக்குத் தெரியாது. எனவே ஐஸ் போடுவதற்கு முன்பே பாலையும் கஞ்சியையும் அடித்துப் பொடித்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஜாரில் கொட்டி ஒரு சுற்று விடுவதில்தான் பெரும்பாலான பானங்கள் கெடுகின்றன.

அளவு, 250 மில்லி டம்ளரில் மூன்று பேருக்கு: தோலும் கண்ணும் நீக்கிய அன்னாசி 300 கிராம், கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 150 மில்லி, ஜவ்வரிசிக் கஞ்சி 100 மில்லி, சர்க்கரை 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, இரண்டு சிட்டிகை உப்பு, ஐஸ் 150 கிராம்.

அன்னாசி பறித்த பிறகு மஞ்சளாகும், மெத்தென்று ஆகும், ஆனால் இனிப்பு ஏறாது. பச்சையாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாம் என்ற கணக்கு பலிக்காது. காம்புப் பக்கத்தை முகர்ந்து பாருங்கள், வாசனை வந்தால் எடுக்கலாம். புளித்த வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். லாரியில் வரும் கேரளத்து வாழக்குளம் பழமும் சரி, கொல்லிமலைப் பழம் வரும் நாளில் அதுவும் சரி. கொண்டைப் பக்கத்தைவிட அடிப்பக்கம் இனிப்பு அதிகம். அதனால் நீளவாக்கில் வெட்டினால் எல்லோருக்கும் ஒரே ருசி வரும்.

தேங்காய் முற்றியதாக, ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்பதாக இருக்கட்டும். தண்ணீர் வற்றிய காயில் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். பழுப்புத் தோலைச் சீவிவிட்டால் பானம் வெள்ளையாக இருக்கும், ருசிக்கு அது அவசியமில்லை. ஒரு மூடித் துருவலுக்கு 100 மில்லி தண்ணீர், கை பொறுக்கும் சூட்டில். மிக்ஸியில் 20 விநாடி, நிறுத்தி மறுபடி 20 விநாடி. அதற்கு மேல் ஓட்டினால் ஜார் சூடாகி எண்ணெய் கக்கும். வெள்ளைத் துணியில் பிழிந்துகொள்ளுங்கள். ஒரு மூடியில் 150 மில்லி தேறாவிட்டால் இன்னொரு மூடியையும் உடைக்க வேண்டியதுதான், தண்ணீரைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். சேலத்து வெயிலில் வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும், பிழிந்ததும் பயன்படுத்துங்கள். ஃபிரிட்ஜில் வைத்து மேலே ஏடு உறைந்திருந்தால் அடுப்பில் வைக்க வேண்டாம். சூடு அதிகமானால் புரதம் கட்டிப்பட்டு அதுவும் திரியும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்தால் ஏடு இளகிவிடும்.

இனி வரிசை. 200 கிராம் அன்னாசியை ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையோடு, தண்ணீர் விடாமல் மிதமான தீயில் வைக்கவும். பழமே தண்ணீர் விடும். கொதி வந்து 5 நிமிடத்தில் இறக்கி, நன்றாக ஆறவைத்து, குளிரவும் வையுங்கள். மிக்ஸியில் முதலில் அறைச் சூட்டில் இருக்கும் தேங்காய்ப்பால், கஞ்சி, மீதிச் சர்க்கரை, உப்பு சேர்த்து 20 விநாடி அடியுங்கள். அடுத்து வெந்த பழம், பச்சைப் பழம் இரண்டையும் போட்டு மையாக அரைக்கவும். இந்த இடத்தில் ருசி பாருங்கள். இனிப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும், குளிர்ந்தால் இனிப்பு மட்டுப்படும். நார் பிடிக்காதவர்கள் இங்கேயே வடிகட்டலாம். கடைசியில் துணியில் சுற்றி உடைத்த ஐஸும் எலுமிச்சையும். 10 விநாடி போதும். முழுக் கட்டியைப் போட்டால் பிளேடு மழுங்கும்.

ஐஸுக்குக் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரோ கேன் தண்ணீரோ வையுங்கள். போர் தண்ணீரில் செய்த ஐஸ் கரையக் கரைய உப்புக் கரித்துக் கடைசி மடக்கைக் கெடுக்கும்.

ஏற்காட்டில் குளிர் காலத்தில் செய்பவர்கள் ஐஸைப் பாதியாகக் குறைத்து, தேங்காய்ப்பாலை வெதுவெதுப்பாகவே ஊற்றி அடிப்பது நல்லது. அங்கே பட்டர் ஃப்ரூட் கிடைக்கிற நேரத்தில் ஜவ்வரிசிக் கஞ்சிக்குப் பதில் நன்றாகப் பழுத்த பழத்தில் 60 கிராமும் குளிர்ந்த தண்ணீர் 50 மில்லியும் போடலாம். இன்னும் வழவழப்பாக வரும், நிறம்தான் கொஞ்சம் பச்சையடிக்கும். மலை ஆரஞ்சு வந்துவிட்டால் எலுமிச்சைக்குப் பதில் அதன் சாறு அரை டம்ளர் ஊற்றலாம். சுளையோடு மிக்ஸியில் போடாதீர்கள், விதை அரைபட்டால் மொத்தமும் கசக்கும். மேலே ஏற்காட்டு மிளகு மூன்று தட்டிப் போடுவது என் விருப்பம். குழந்தைகளுக்கு வேண்டாம்.

மாம்பழக் காலத்தில் அன்னாசியே தேவையில்லை. மல்கோவாவில் நார் இல்லை, அன்னாசியைப் போலப் பாலைக் கசக்க வைக்கும் வம்பும் இல்லை. வேகவைக்கும் வேலை மிச்சம். புளிப்பு குறைவென்பதால் எலுமிச்சை மட்டும் இரண்டு தேக்கரண்டி ஆக்கிக்கொள்ளுங்கள். நாட்டுச் சர்க்கரை போடலாமா என்று கேட்பவர்களுக்கு: மாம்பழத்தோடு போடலாம், அன்னாசியோடு வேண்டாம், வெல்ல வாசம் அன்னாசியை அமுக்கிவிடும்.

மீந்தால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் குடிக்கப் பார்க்காதீர்கள், பச்சை அன்னாசி தன் வேலையைக் காட்டியிருக்கும். அச்சில் ஊற்றிக் குச்சி ஐஸ் ஆக்கிவிடுங்கள், 6 மணி நேரத்தில் உறையும். பிழிந்த துருவலில் இரண்டாம் பால் எடுத்து இரவு ஆப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.