மடை திறந்த பின்

மாரடைப்புக்கு ஊசி ஏறி முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பு எந்த அவசர சிகிச்சைப் பிரிவிலும் எளிதில் வந்துவிடும். நோ குறைகிறது, வியர்வை அடங்குகிறது, வாசலில் நிற்கும் வீட்டார் மூச்சு விடுகிறார்கள். இதயத்தசைக்கு இரண்டாவது அடி விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

திருகோணமலையிலிருந்து கண்டி சுமார் 180 கிலோமீற்றர். அங்கே கொண்டுபோய் அடைப்பைக் கம்பி விட்டுத் திறப்பதென்றால், ஈசிஜியில் நோயைக் கண்ட 120 நிமிடத்துக்குள் கம்பி நாடிக்குள் போக வேண்டும். அம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தக் கணக்கு ஒத்துவராது. அதனால் நோ தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் வருபவருக்கு, தடை ஏதும் இல்லையென்றால், நாடியை அடைத்த குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தை இங்கேயே கொடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு நீரைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. இப்போது நேரம் போவது வீட்டில்: வாய்வு என்று நினைத்து இஞ்சி இடித்துக் குடிப்பதில்.

இரண்டாவது அடி என்பது என்ன? நாடி அடைபட்டதும் தசைக் கலத்தில் சக்தி தீர்கிறது, இலக்றிக் அமிலம் தேங்குகிறது. குருதி திரும்பியதும் வெளியே அமிலம் சட்டென்று கழுவப்பட, கலம் உள்ளிருக்கும் ஐதரசன் அயனைத் தள்ளிச் சோடியத்தை வாங்குகிறது. அந்தச் சோடியத்தை வெளியேற்றப் போய்க் கல்சியம் உள்ளே பெருகுகிறது. திடீரென்று வந்த ஒட்சிசன், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிகளில் கலத்தையே அரிக்கும் மூலக்கூறுகளைக் கிளப்பிவிடுகிறது. இழைமணியின் சுவரில் துவாரம் திறந்தால் அந்தக் கலம் போனதுதான். விலங்குச் சோதனைகளில் இறுதிச் சேதத்தின் பாதி வரைக்கும் இதன் பங்கு இருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். காய்ந்து வெடித்த வாய்க்காலில் மடையை முழுதாகத் திறந்தால் வரம்பு உடைவதைக் கந்தளாயில் வயல் செய்பவருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் மடையைப் பிந்தித் திறக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. திறக்காத நாடி முழுத் தசையையும் கொன்றுவிடும்.

இந்த அடியைத் தடுக்க ஒரு மருந்து தேடி நாற்பது ஆண்டாகிறது. 1986இல் ஆய்வாளர்களான மரியும் ஜெனிங்ஸும் ரைமரும் நாய்களின் நாடியை ஐந்தைந்து நிமிடமாக நான்கு தடவை அடைத்துத் திறந்தார்கள்; பிறகு நீண்ட அடைப்பு வந்தபோது சேதம் வெகுவாகக் குறைந்திருந்தது. அதிலிருந்து பிறந்த யோசனைதான் கையில் பிரஷர் பட்டையை இறுக்கி இறுக்கி விடுவது. மலிவு, கருவியும் எல்லா விடுதியிலும் உண்டு. ஆனால் 2019இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் நடந்த ஆய்வில் பலன் தெரியவில்லை. சைக்ளோஸ்போரின் என்ற மருந்தும் 2015இல் அப்படியே கைவிட்டது. ஆகவே எங்கள் கையில் இருப்பது கவனம் மட்டும்தான் என்று சொன்னால் மிகை இல்லை.

அந்தக் கவனம் மருந்தைக் கலக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. கட்டி கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேஸ் 15 இலட்சம் அலகுக் குப்பிக்குள் 5 மில்லிலீற்றர் சேலைன் விட்டு உருட்டித்தான் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைக்கும். பிறகு 100 மில்லிலீற்றர் சேலைனில் சேர்த்து 30 முதல் 60 நிமிடத்தில். ஒரு மணித்தியாலத்தில் விடுவதென்றால், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 துளி. பிரஷர் விழுந்தால் துளியைக் குறைக்க வேண்டும் அல்லது சற்று நிறுத்த வேண்டும், காலை உயர்த்த வேண்டும். அதே வேலையைச் செய்யும் ரெனெக்ரிபிளேஸ் கிடைத்தால் ஒரே தள்ளல்தான். ஆனால் சீனிக் கரைசலான டெக்ஸ்ரோஸ் ஓடும் லைனில் அது படிந்துவிடும்; முன்னும் பின்னும் சேலைனால் கழுவ வேண்டும். வழியில் ஒரு கிளினிக்கில் நோவுக்கென்று தசையில் டைக்ளோபினாக் போட்டுவிட்டு வந்தவருக்கு, கட்டி கரைக்கும் மருந்து ஏறியதும் அந்த இடத்தில் குருதி கட்டி வீங்கும். நெஞ்சு நோ என்றால் தசையில் ஊசி வேண்டாம் என்பதை வெளியே உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

நாடி திறக்கும்போது மொனிற்றரில் அகன்ற துடிப்புகள் வரிசையாக வரும். வேகம் 60க்கும் 110க்கும் இடையில், ஆள் பேசிக்கொண்டிருப்பார், பிரஷர் நிற்கும். இது நல்ல செய்தி. பயந்து துடிப்பை அடக்கும் லிக்னோகெயினோ அமியோடரோனோ ஏற்றுவதுதான் தவறு, தானாகவே அடங்கிவிடும். வேகம் 120ஐத் தாண்டினாலோ ஆள் மயங்கினாலோ கதை வேறு. இதயம் நடுங்கத் தொடங்கினால் 150 முதல் 200 யூல் அதிர்ச்சி, உடனே இரண்டு நிமிடம் நெஞ்சு அமுக்கல். அதனால் அந்த அதிர்ச்சியைக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கட்டிலின் பக்கத்தில் நிற்க வேண்டும், விடுதியின் மறுமுனையில் இருந்து பயனில்லை. இதயத்தின் கீழ்ச்சுவர் அடைப்பில் நாடி திறந்ததும் துடிப்பு 40க்கு இறங்கி பிரஷரும் படுத்துவிடலாம். அங்கே துடிப்பைக் கூட்டும் அற்றோபின் 0.6 மில்லிகிராமும் கொஞ்சம் சேலைனும் போதும். வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் நாக்கின் கீழ் பிரஷரை இறக்கும் நைற்றிரேற் வைத்துக் கெடுத்துவிடக் கூடாது.

குருதியில் உள்ள பொற்றாசியம் அதிகம் மறக்கப்படுகிறது. பிரஷருக்குச் சிறுநீர் மாத்திரை எடுப்பவர், வாந்தி எடுத்து வந்தவர், இவர்களுக்கு அது லீற்றருக்கு 3.2, 3.3 மில்லிமோல் என்று நிற்கும். இதய நடுக்கம் வருவது அங்கேதான். 4க்கு மேல் வைத்திருக்கப் பார்க்கிறோம், மணித்தியாலத்துக்கு 10 மில்லிமோலுக்கு மேல் கைநாளத்தில் விடாமல். மக்னீசியத்தையும் கூடவே பார்ப்பது நல்லது. ஒட்சிசன் முகமூடியை எல்லோருக்கும் மாட்டுவதும் பழக்கதோஷம். விரலில் காட்டும் அளவு 90 வீதத்துக்குக் குறையாதவருக்கு அதனால் பலனில்லை என்று சுவீடனில் 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. ஆனாலும் முகமூடி இல்லாவிட்டால் ஒன்றும் செய்யவில்லை என்று வீட்டார் குறைப்படுவார்கள். அதை விளக்குவதும் வேலையில் ஒரு பகுதி.

அடுத்த ஈசிஜி 60 முதல் 90 நிமிடத்தில். முதல் படத்தில் அதிகம் உயர்ந்திருந்த லீட்டில், அதாவது ஈசிஜியின் அந்தத் தடத்தில், எஸ்டி என்னும் கோட்டுத் துண்டு பாதிக்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் நோவும் நிற்காவிட்டால் மருந்து பிடிக்கவில்லை. உடனே தொலைபேசி, உடனே அம்புலன்ஸ். ஸ்ரெப்ரோகைனேஸை இரண்டாம் தடவை ஏற்றுவதில் பயனில்லை. இந்த ஒப்பீடு கெட்டுப்போவது சின்ன விடயத்தால். சித்திரை வெயிலில் வியர்த்த நெஞ்சில் இருந்து எலக்ரோட் கழன்று விழும், மறுபடி ஒட்டுபவர் ஒரு விரற்கடை மேலே ஒட்டுவார், எஸ்டி இறங்கியது போலத் தெரியும். முதல் தடவையே நெஞ்சைத் துடைத்து, மயிர் மழித்து, ஆறு இடத்திலும் பேனாவால் குறி போட்டுவிட வேண்டும். மாற்றி அனுப்பும்போது நோ தொடங்கிய நேரம், மருந்து ஏற்றிய நேரம், எல்லா ஈசிஜிகளும், பொற்றாசிய அளவும் கடிதத்தோடு போக வேண்டும். நெஞ்சில் இருக்கும் பேனாக் குறியை யாரும் துடைத்துவிட வேண்டாம்.