அனுபவம் கேட்ட கேட்டுகளும் ஒரு வெர்னியரும்

2021 ஆகஸ்டில் மெக்கானிக்கல் முடித்த கையோடு கோவில்பட்டியிலிருந்து சென்னைக்குப் போனேன். பையில் முப்பது ரெஸ்யூம். அம்பத்தூர் எஸ்டேட்டில் கேட் கேட்டாக ஏறி இறங்கினேன். செக்யூரிட்டி அண்ணன்கள்கூட முதலில் கேட்டது, "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?" என்பதைத்தான்.

இரண்டாவது வாரம், உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் உள்ளே கூப்பிட்டார்கள். குவாலிட்டி பார்க்கும் பெரியவர் என் மார்க் ஷீட்டைப் புரட்டவே இல்லை. மேஜையில் குழாய்த் துண்டு மாதிரியான ஒரு புஷ்ஷையும், நுண்ணிய அளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பரையும் வைத்து, "வெளி விட்டம் எவ்வளவுன்னு சொல்லு தம்பி" என்றார். அளந்து 25.06 மி.மீ. என்றேன்.

"ஜீரோ பாத்தியா?"

பார்க்கவில்லை. வெர்னியரின் தாடைகளை மூடினேன். இரண்டு அளவுகோல்களின் பூஜ்யங்களும் நேராகச் சேரவில்லை, வெர்னியர் அளவுகோலின் இரண்டாவது கோடுதான் சேர்ந்து நின்றது. லீஸ்ட் கவுண்ட், அதாவது கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. என்றால் 0.04 கூடுதலாகக் காட்டுகிறது. சரியான அளவு 25.02. "நாப்பது மைக்ரான்ல ஒரு லாட்டே ரிஜெக்ட் ஆயிரும்" என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். முதல் வருடமே படித்த பாடம்தான். கைக்கு வரவில்லை.

ஊருக்குத் திரும்பி, தெரிந்த அண்ணாச்சியின் லேத் பட்டறையில் ஆறு வாரம் நின்றேன். சம்பளம் கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. ஃபேசிங் (முனையைச் சமமாகச் சீவுவது), டர்னிங் (விட்டத்தைக் கடைந்து குறைப்பது), டிரில் பிட் தீட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாக அளப்பது. ரெஸ்யூமில் இருந்த 'கடின உழைப்பாளி', 'குழுவாகப் பணியாற்றுவேன்' வகையறாவை எல்லாம் அடித்துவிட்டு, பட்டறையில் என்னென்ன செய்தேன் என்று நாலு வரி எழுதினேன். அடுத்த நேர்காணல்களில் எல்லாக் கேள்வியும் அந்த நாலு வரியிலிருந்துதான் வந்தது. பதில் சொல்ல எனக்கும் விஷயம் இருந்தது.

வேலை கிடைத்த வழி அப்ரெண்டிஸ். டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் 'நாட்ஸ்' என்ற தொழிற்பழகுநர் திட்டம் இருக்கிறது. தென்மாநிலங்களுக்கான அலுவலகம் தரமணியில். என் காலேஜில் இதை யாரும் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம். இணையதளத்தில் பதிவு செய்து, கம்பெனிகளுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒரு வருடப் பயிற்சி. நான் சேர்ந்த 2022-இல் டிகிரிக்காரர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். அதில் பாதியை அரசே ஏற்றுக்கொண்டது. அதனால்தான் சின்ன கம்பெனிகளும் புதியவர்களை எடுக்கத் தயங்குவதில்லை. அறை வாடகை, மெஸ் போக கையில் ஒன்றும் மிஞ்சாது, வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வழி கிடையாது, ஆகவே காலம் கடத்தாதீர்கள்.

தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிந்து வையுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களுக்குக் கட்டணம் இல்லை.

கட்டணம் என்றதும் ஒன்று. 'செக்யூரிட்டி டெபாசிட்' என்று 15,000 கேட்ட ஒரு கன்சல்டன்சியில் என் அறை நண்பன் பணம் கட்டினான். அவனுடைய அம்மா நகையை அடகு வைத்து அனுப்பிய பணம். ஒரு வாரத்தில் அந்த ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. வேலை தருகிறவன் உங்களிடம் பணம் வாங்கமாட்டான். ஒரிஜினல் சான்றிதழையும் காட்டலாமே தவிர, கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அப்ரெண்டிஸ் முடித்ததும் அதே கம்பெனி வேலை தந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. என்னையும் எடுக்கவில்லை. ஆனால் பயிற்சிச் சான்றிதழோடு போன அடுத்த கம்பெனியில் அந்தப் பழைய கேள்விக்கு "ஒரு வருஷம் சார்" என்றேன். ஷாப் ஃப்ளோரில் ஒரு ஷாஃப்ட்டையும் வெர்னியரையும் நீட்டினார்கள். வாங்கியதும் முதலில் தாடைகளை மூடிப் பார்த்தேன்.