பொறு, பேசிடுவான்

குழந்தை இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஒரு அம்மா கவலைப்பட்டால், "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். ஆறுதலுக்குத்தான் சொல்கிறோம். ஆனால் அதிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

முதலில் காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் (RBSK) கீழ், அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன; வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தரும் இடங்கள் இவை. கட்டணம் கிடையாது. தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கத்தைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்குப் பெரிய தைரியம் தருவது மையத்தின் பயிற்சி அறைக்கு வெளியே, அம்மாக்கள் காத்திருக்கும் பெஞ்சுதான். போன வாரம் அங்கே ஒரு அம்மா, புதிதாக வந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "தண்ணி டம்ளரை உடனே கையில கொடுத்துடாதீங்க. முகத்துக்கு நேரா காட்டி, அவன் உங்களைப் பார்க்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க. கை நீட்டினாலும் சரி, கேட்ட மாதிரிதான்." புதிதாக வந்த அந்தப் பெண் அப்போதுதான் அழுகையை நிறுத்தினார்.

அம்மா மையத்துக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் மூத்த பிள்ளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டாலே எவ்வளவோ உதவி. வெள்ளிக்கிழமை எங்கள் தெரு அம்மா ஒருவருடன் நானும் மையத்துக்குப் போகிறேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், ஒரே ஆட்டோவில் போய்விடலாம்.